வளர்ப்புப் பாம்பைக் குளிப்பாட்ட வேண்டுமா? வாளியைத் தேடும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை என்று கணக்கு வைத்துப் பாம்பைக் குளிப்பாட்டத் தேவையே இல்லை. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மேல்தோல் முழுவதையும் சில வாரங்களுக்கு ஒருமுறை அதுவே சட்டையாகக் கழற்றிப் போட்டுவிடுகிறது. நாற்றம் அடித்தால் பெட்டிக்குள் எச்சம் கிடக்கிறது என்று பொருள். பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.

ஆனாலும் தண்ணீரில் விட வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. புதிதாக வளர்ப்பவர்கள் தடுமாறுவது அங்கேதான். சட்டை துண்டு துண்டாக ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் நேரே பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உண்மையில் குளியல் கடைசிப் படிகளில் ஒன்று. அதற்கு முன்னால் உள்ளவற்றை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் அதற்கு வேலையே வராது.

இங்கே எழுதியிருப்பது முக்கியமாக பால் பைத்தானுக்கு (ball python). கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் பாம்பு இது. வீட்டில் வளர்க்கும் இனங்களில் சட்டைத் தொல்லை அதிகம் தருபவற்றில் இதுவும் ஒன்று. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்னேக்குக்கும் படிகள் இவைதான். எண்கள் மாறும் இடத்தில் சொல்கிறேன்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு என்று நம் நாட்டுப் பாம்பு எதையும் இந்தியாவில் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பால் பைத்தான் போன்ற, சைட்டிஸ் (CITES, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதற்கே அனுமதி இல்லை.

1. கைவசம் இருக்க வேண்டியவை

சட்டை ஒட்டிக்கொண்ட பிறகு கடைக்கு ஓடாமல், பாம்பு வீட்டுக்கு வரும்போதே இவற்றை வாங்கி வையுங்கள்.

வயரின் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதம் அளக்கும் கருவி) இரண்டு. கண்ணாடியில் ஒட்டும் முள் மீட்டரை வாங்காதீர்கள். அது காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் இருக்காது. தண்ணீரின் சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, பக்கவாட்டில் காற்றுத் துளைகளுடன். பாம்புக்கென்றே ஒதுக்கிய பருத்தித் துண்டு இரண்டு. ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசி ஒரு பொட்டலம். வெள்ளை டிஷ்யூ பேப்பர் ரோல்.

இவற்றோடு, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரின் தொலைபேசி எண். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் எல்லோரும் பாம்பைத் தொடமாட்டார்கள். அவசரத்தில் இந்த எண் கிடைக்காது.

2. ஹைக்ரோமீட்டரைச் சோதித்துவிட்டு நம்புங்கள்

பெட்டியில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கிறது, ஆனாலும் சட்டை கிழிந்து வருகிறது என்பார்கள். மீட்டரைச் சோதித்தால் பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

ஒரு பாட்டில் மூடி நிறையச் சாப்பாட்டு உப்பு எடுத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களிபோல ஆக்குங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அறைச் சூட்டில் ஈர உப்புக்கு மேல் இருக்கும் காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால் அது 5 குறைத்துக் காட்டுகிறது. இனி எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். 15, 20 என்று தப்பினால் தூக்கிப் போடுங்கள்.

சென்சார்களை ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம் என்று வையுங்கள். காற்றில் உள்ள நீராவி ஒரே அளவாக இருந்தாலும், சூடான பக்கத்தில் ஈரப்பத எண் குறைவாகத்தான் வரும். ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் மறுமுனை சேறாகிவிடும்.

3. பாம்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

சட்டை உரிப்பதற்கு முன் முதலில் நிறம் மங்கும். வயிறு லேசாக இளஞ்சிவப்பாகும். பிறகு கண்கள் பால் கலந்த நீலமாக மாறும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் திரவம் ஊறுவதால் வரும் நிறம் அது. சில நாளில் கண் மறுபடி தெளியும். தெளிந்ததும் பாம்பு குணமாகிவிட்டது, சட்டை உரிக்காமலே விட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தெளிந்த பிறகுதான், சில நாள் கழித்து, சட்டை வரும்.

கண் நீலமாக இருக்கும் நாட்களில் குளிப்பாட்டாதீர்கள், தூக்காதீர்கள். பார்வை மங்கியிருப்பதால் எதற்கும் மிரளும், கொத்தவும் செய்யும். அடியில் புதுத் தோல் இன்னும் முழுமையாகவில்லை. இழுத்தால் அதுவும் சேர்ந்து கிழியும்.

இரை தின்று 48 மணி நேரம் ஆகாத பாம்பையும் தொடக் கூடாது, கக்கிவிடும். கக்கிய பாம்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் முழு ஓய்வு. மூச்சில் சத்தம், வாயோரத்தில் குமிழி, வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி வைத்திருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் தண்ணீரை மறந்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். சளி பிடித்த பாம்பை நனைப்பது நோயை முற்றவைக்கும்.

4. பெட்டியின் ஈரத்தைச் சரிசெய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். குளியல் பாம்பை இருபது நிமிடம் நனைக்கும். மீதி நேரம் முழுக்க அது பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது.

பால் பைத்தானுக்கு 60 முதல் 75 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்கு 40 முதல் 60 போதும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. சூட்டைச் சரிசெய்யாமல் ஈரத்தை மட்டும் ஏற்றாதீர்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் நுரையீரல் கெடும்.

ஈரம் வெளியேறும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். மேலே முழுக்க வலை போட்ட கண்ணாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. விளக்கின் சூடு ஈரக் காற்றை மேலே கிளப்பி வலை வழியாக அனுப்பிவிடும். வலையில் மூன்றில் இரண்டு பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். விளக்கு இருக்கும் இடத்தையும் சிறிது காற்றுவெளியையும் விட்டுவிடுங்கள். முழுவதும் மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது கீழே பரப்பும் பொருள். கோகோ பீட் (தென்னை நார்த் தூள்), தேங்காய் மட்டைத் துண்டு இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்புங்கள். வெளிநாட்டு செல்லப்பிராணிக் கடையில் விலை கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். பொள்ளாச்சிப் பக்கமோ இலங்கையிலோ அழுத்தி அனுப்பிய அதே கட்டிதான் அழகான பையில் இருக்கும். தோட்டத்துக்கு விற்கும் கட்டியையும் பயன்படுத்தலாம், உரம் கலக்காததாக இருந்தால். உப்பு போக நன்றாக அலசிப் பிழிந்துவிடுங்கள். ஆஸ்பென் மரச் சீவல் பால் பைத்தானுக்கு ஆகாது. நனைந்தால் பூஞ்சை பூக்கும். கார்ன் ஸ்னேக்குக்கு ஆஸ்பென் பரவாயில்லை.

தண்ணீரை மேலே தெளிக்காதீர்கள். நான்கு மூலைகளிலும் ஊற்றுங்கள். அடி அடுக்கு நனைந்து மேல் அடுக்கு உலர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் காற்றுக்குப் போகும், வயிறு ஈரத்தில் படாது. ஸ்ப்ரே பாட்டில் அடித்தால் எண் சட்டென்று 90-க்கு ஏறி, ஒரு மணி நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். மேல் பரப்பு மட்டும் ஈரமாக நிற்கும். வயிற்றுச் செதில்கள் சிவந்து கொப்புளித்து அழுகத் தொடங்குவது இப்படித்தான். தினமும் குளிப்பாட்டி, துடைக்காமல் பெட்டியில் விட்டாலும் இதே கதிதான்.

டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் காற்று மிகவும் வறண்டுவிடும். கோடையில் சரியாக இருந்த அதே பெட்டி டிசம்பரில் கைவிட்டுவிடும். சென்னையில் இரவு முழுக்க ஏசி ஓடும் அறையிலும் இது நடக்கும்; வெளியே புழுங்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

5. ஈர மறைவிடம்

மூடியுள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. பாம்பு சுருண்டால் உடம்பு சுவர்களைத் தொடும் அளவு. பக்கத்தில் நுழைவாயில் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பாசியை நனைத்து, சொட்டு விழாத வரை பிழிந்து உள்ளே நிரப்புங்கள்.

பெட்டியின் நடுவில், சூடான பக்கத்தை ஒட்டி வையுங்கள். குளிர்ந்த மூலையில் வைத்தால் குளிரும் ஈரமுமான குகையாகிவிடும். விளக்குக்கு நேர் கீழே என்றால் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

இதில் உள்ள நன்மை, எப்போது ஈரம் வேண்டும் என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்ளும். கண் நீலமாவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து நனையுங்கள். வாடை வந்தால் பாசியை மாற்றுங்கள்.

6. உரித்த சட்டையைப் பரிசோதியுங்கள்

குப்பையில் போடும் முன் விரித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போதே விரித்தால் கிழியாது. நல்ல சட்டை மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே உறையாக, உள்பக்கம் வெளியே திரும்பி வந்திருக்கும். நீளம் பாம்பைவிடக் கூடுதலாக இருக்கும். வளர்ந்துவிட்டது என்று மகிழ வேண்டாம், கழலும்போது இழுபடுவதால் அப்படி.

பார்க்க வேண்டியவை இரண்டே. தலைப்பகுதியில் கண் இருந்த இடத்தில் கண்ணாடி வில்லைபோல இரண்டு வட்டம் இருக்கிறதா? வால்நுனி முடிந்திருக்கிறதா? இரண்டும் இருந்து, நடுவில் கிழிந்திருந்தால் கவலையில்லை.

உடம்பில் துண்டு ஒட்டியிருந்தாலும் உடனே கை வைக்காதீர்கள். ஈர மறைவிடத்தைப் புதுப்பித்துவிட்டு 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் அதுவே தேய்த்து எடுத்துவிடும். தேய்க்க ஒரு சொரசொரப்பான கட்டையோ கல்லோ பெட்டிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

7. இன்னும் ஒட்டியிருந்தால், ஈரத் துண்டு

துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, துளையுள்ள பெட்டியில் விரியுங்கள். பாம்பை விட்டு, மேலே இன்னொரு ஈரத் துண்டைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். 28 டிகிரி அளவில் சூடான அறையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். துண்டுகளுக்கு நடுவே நெளிந்து போகும்போதே பாதி கழன்றுவிடும்.

மீதிக்கு, ஈரத் துண்டைக் கையில் தளர்வாகச் சுற்றிப் பிடித்து அதன் வழியே பாம்பைத் தானாக ஊர்ந்து போக விடுங்கள். எப்போதும் தலையிலிருந்து வாலை நோக்கி. எதிர்த்திசையில் தேய்த்தால் செதில் தூக்கிக்கொண்டு காயமாகும். நகத்தால் சுரண்டுவது வேண்டவே வேண்டாம். வராத துண்டை விட்டுவிட்டு மறுநாள் மறுபடி செய்யலாம்.

குளியலைவிட எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். பாம்பு நீந்தி மிரளாது, மூழ்கும் பயமும் இல்லை. உராய்வும் இதில்தான் உண்டு. வெறும் தண்ணீரில் அது கிடையாது.

8. தண்ணீரில் விடுவது

துண்டு முறைக்கும் மசியாமல் உடம்பு முழுக்கச் சட்டை காய்ந்து ஒட்டியிருந்தால், அல்லது மருத்துவர் சொன்னால், இது.

தண்ணீர் 28 முதல் 30 டிகிரி. கையால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் உள்ளங்கையே அதைவிடச் சூடு. 29 டிகிரி நீர் நமக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தோன்றாது. கைக்குச் சுகமாக இருக்கும் நீர் பாம்புக்குச் சூடு அதிகம். பாம்பு உள்ளே இருக்கும்போது சுடுநீர் ஊற்றிச் சரிக்கட்டவும் கூடாது; ஆறிவிட்டால் வெளியே எடுத்து, நீரை மாற்றி, அளந்து, பிறகு விடுங்கள்.

ஆழம், படுத்திருக்கும் பாம்பின் பாதி உயரம். தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சிரமப்படக் கூடாது. அடியில் ஒரு துண்டு விரித்தால் வழுக்காது. பிடிமானம் இருந்தால் பாம்பு அடங்கிவிடும்.

15 முதல் 20 நிமிடம் போதும். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். களைத்த பாம்பு ஆழம் குறைந்த நீரிலும் மூழ்கும். நடுவில் எச்சம் போட்டால் உடனே நீரை மாற்றுங்கள், அதையே குடிக்கும்.

நீரில் எதுவும் கலக்காதீர்கள். சோப்பு, ஷாம்பு, மஞ்சள் தூள் எதுவும் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் சட்டை கழலும் என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய் ஈரத்தை உள்ளே விடாது, மண்ணும் தூசியும்தான் அப்பிக்கொள்ளும்.

எடுத்ததும் உலர்ந்த துண்டால் ஒற்றி, வயிறு காய்ந்த பிறகே பெட்டியில் விடுங்கள். சூடான பக்கம் தயாராக இருக்கட்டும்.

எச்சத்தில் புரண்ட பாம்புக்கு இந்தப் படி முழுக்கத் தேவையில்லை. ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்தால் முடிந்தது.

9. கண்ணும் வால்நுனியும்

பாம்புக்கு இமை இல்லை; கண்ணுக்கு மேல் ஒரு தெளிந்த செதில் மூடியிருக்கிறது, சட்டையோடு அதுவும் புதுப்பிக்கப்படும். பழைய செதில் கழலாமல் நின்றால் கண் மங்கலாக, சுருக்கம் விழுந்ததுபோல் தெரியும். செல்லோடேப் ஒட்டி இழுக்கும் வீடியோக்கள் உலவுகின்றன. செய்யாதீர்கள். அடியில் இருப்பது புதுச் செதில் என்றால் அதையும் பிய்த்துக் கண்ணையே இழக்கச் செய்வீர்கள். ஈரத்தைச் சரிசெய்து அடுத்த சட்டை வரை காத்திருங்கள். அப்போதும் வராவிட்டால் மருத்துவர்.

வால்நுனியில் அப்படிக் காத்திருக்க முடியாது. அங்கே வளையமாகத் தங்கிய சட்டை காயக் காய இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நுனி கறுத்து உதிரும். துண்டு முறையை வாலுக்கு மட்டும் திரும்பத் திரும்பச் செய்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கறுத்திருந்தால் நீங்கள் தொட வேண்டாம்.

10. தானாகவே தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கிறதா?

குளிக்க ஆசைப்படுகிறது என்று படம் எடுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள். பெட்டி சூடு மீறியிருக்கிறதா? ஈரம் போதவில்லையா? உண்ணி பிடித்திருக்கிறதா?

பாம்பு உண்ணி குண்டூசித் தலையைவிடச் சிறிய கரும்புள்ளி, நகரும். கண்ணைச் சுற்றி, தாடைக்கு அடியில் உள்ள மடிப்பில், எச்சத்துளை ஓரத்தில் இருக்கும். பாம்பை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஊர விட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் மிளகுத் தூள்போல் செத்துக் கிடந்தாலும் அதுதான்.

குளிப்பாட்டினால் சில உண்ணி சாகும். மீதி, நீருக்கு மேலே இருக்கும் தலைக்கு ஏறித் தப்பிக்கும். முட்டைகளோ பாம்பின் மேலேயே இல்லை, பெட்டியின் இடுக்குகளில் இருக்கின்றன. அதனால்தான் வாரக்கணக்கில் குளிப்பாட்டியும் போகவில்லை என்கிறார்கள். பெட்டியைக் காலி செய்து, பரப்பிய பொருளை மூட்டை கட்டி வீட்டுக்கு வெளியே எறிந்து, இடுக்கெல்லாம் துடைத்து, பேப்பர் மட்டும் விரித்து வையுங்கள். மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள். நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தோராயமாக அடித்தால் உண்ணிக்கு முன் பாம்பு போய்விடும். அறையில் வேறு பாம்புகள் இருந்தால் அவற்றுக்கும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

11. மலச்சிக்கலுக்கும் வறட்சிக்கும் குளியல்

பால் பைத்தான் சில வாரம் எச்சம் போடாமல் இருப்பது சாதாரணம். நன்றாகத் தின்று, எச்சத்துளைக்கு மேலே வீக்கம் இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். வீங்கி, தீனியையும் மறுத்தால் ஒருமுறை, 8-ஆம் படியில் சொன்ன அதே சூட்டு நீரில் விட்டுப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மருத்துவர்.

எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி மஞ்சளாக, மணல்போல் கெட்டியாக வந்தாலும், தோல் மடிப்பு விரியாமல் நின்றாலும் உடம்பில் நீர் குறைவு. தோல் வழியே தண்ணீர் உள்ளே போய்விடாது; வாயால் குடித்தால்தான் உண்டு. எனவே குளியலைவிட, தினமும் மாற்றிய நல்ல நீர் உள்ள பெரிய கனமான கிண்ணம்தான் இதற்கு மருந்து.

12. முடிந்த பிறகு கழுவுதல்

ஆரோக்கியமான பாம்பின் உடம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டாதீர்கள். அந்த நீரைச் சிங்கில் கொட்டாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். பெட்டி, துண்டு இரண்டும் பாம்புக்கு மட்டுமே. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

பாம்பு இருக்கும் இடத்துக்கு டெட்டால், பினாயில், பைன் எண்ணெய் கலந்த தரை துடைப்பான் மூன்றும் ஆகாது. பீனால் வகைப் பொருட்களும் பைன் எண்ணெயும் ஊர்வனவற்றுக்கு விஷம். குளோரெக்சிடின் கிருமிநாசினிக் கரைசலோ நீர்த்த ப்ளீச்சோ போதும். ப்ளீச் என்றால் பாம்பை வேறு அறைக்கு மாற்றிவிட்டுக் கழுவி, பலமுறை அலசி, வாடை முழுதும் போகும்வரை காயவைத்த பிறகே உள்ளே விடுங்கள்.